பதினோரு சுற்று வால்வுகள்

தேனியிலிருந்து பெரியகுளம் போகும் வழியில் இருந்த ஓர் ஆக்சிஜன் ஆலையில் நான் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். அதில் கடைசிப் பதினாறு வருடம் மேலாளர். ஓய்வு பெற்ற அன்று சால்வை போர்த்தினார்கள். "சார் காலத்துல ஒரே ஒரு விபத்துதான் நடந்துச்சு. அதுவும் ஆள் செஞ்ச தப்பு" என்று ஒருவர் மைக்கில் பேசினார். நான் கைகூப்பி உட்கார்ந்திருந்தேன். அந்த விபத்தில் ஆள் எந்தத் தப்பும் செய்யவில்லை. தப்பு என்னுடையது. அதை மறைத்து அறிக்கை எழுதியதும் நான்தான். எனக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காற்றை அழுத்தி, குளிர்வித்து, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து சிலிண்டர்களில் அடைத்து அனுப்புவது எங்கள் தொழில். ஆண்டிபட்டியிலிருந்து கம்பம் வரைக்கும் பட்டறைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் எங்கள் லாரிதான் போகும். சிலிண்டர் நிரப்பும் கொட்டகையில் ஒரு ஆபரேட்டர் இருந்தார். சின்னமனூரைத் தாண்டி மார்க்கையன்கோட்டைப் பக்கம் ஒரு கிறிஸ்தவக் கிராமத்து ஆள். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நான் அவரை 'நீ' என்பேன். அவர் என்னை 'சார்' என்பார். அது அங்கே வழக்கம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஆக்சிஜன் குழாய்ப் பக்கம் எண்ணெய் ஆகாது. அந்தத் தொழிலில் முதல் பாடம் அதுதான். அழுத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன் துளி எண்ணெய்ப் பிசுக்கைத் தொட்டால் போதும், நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளும். இதை எல்லோரும் தெரிந்துவைத்திருந்தார்கள். அவர் கடைப்பிடித்தார். வேலைக்குச் சேர்ந்த வருடத்திலிருந்து தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலையும் விட்டுவிட்டார். செம்பட்டை பாய்ந்த முடி எந்நேரமும் விறைத்துக்கொண்டு நிற்கும்.

"என்ன மாமா, தலையில காக்கா கூடு வச்சிரும் போலயே" என்று லாரி டிரைவர்கள் கேலி செய்வார்கள்.

"வச்சா வச்சிட்டுப் போகுது. ஒனக்கென்ன, சிலிண்டர ஏத்திக்கிட்டு ஓடிருவ. இங்கன நிக்கிறவன் நான்ல" என்பார்.

கை கழுவுவதிலும் அப்படித்தான். கொட்டகை வாசலில் ஒரு குழாயும் சோப்பும் இருக்கும். சாப்பிட்டுவிட்டு வந்தால் ஒரு தடவை கழுவி, முகர்ந்து பார்த்து, மறுபடியும் கழுவுவார். அந்த முகர்ந்து பார்க்கும் பழக்கத்தைப் பார்த்து எனக்கே சிரிப்பு வரும்.

ஆலை பழையது. வால்வுகளெல்லாம் பித்தளை. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். நிரப்பும் கொட்டகையின் தலைமை வால்வை முழுதாகத் திறக்கப் பதினோரு சுற்றுச் சுற்ற வேண்டும். தண்டைச் சுற்றியிருந்த அடைப்புகள் தேய்ந்து, எல்லா வால்விலும் கசிவு. சோப்பு நுரையைத் தடவினால் முட்டை முட்டையாகக் கொப்புளம் வரும். குழாய்களின் வளைவுகள் மெலிந்துபோயிருந்தன. எந்த வால்வு எத்தனையாவது சுற்றில் முனகும், எதை எந்தக் கையால் பிடித்தால் அடங்கும் என்பதெல்லாம் அவருக்கு மட்டும்தான் தெரியும். ஒரே ஆளின் கைப்பழக்கத்தை நம்பி ஓர் ஆலை ஓடக்கூடாது என்று நான் முதலாளியிடம் சொன்னேன். சொன்னது சரிதான். எல்லாவற்றையும் மாற்றிவிடுவோம், பொங்கலுக்கு மூன்று நாள் ஆலையை நிறுத்தி வேலையை முடித்துவிடலாம் என்றேன். முதலாளியும் சம்மதித்தார்.

வரைபடம், பட்டியல் எல்லாம் என் பொறுப்பு. புதிதாக வந்திருந்த கைப்பிடி வால்வுகளை நான் தேர்ந்தெடுத்தேன். கைப்பிடியைக் கால் வட்டம் திருப்பினால் முழுதாகத் திறந்துவிடும். திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று தூரத்திலிருந்தே தெரியும். கசிவும் வராது. தண்ணீருக்கும் காற்றுக்கும் அருமையான சாமான். ஆனால் அதிக அழுத்த ஆக்சிஜனுக்கு அதை அப்படியே போடக்கூடாது. போடுவதானால் பக்கத்தில் ஒரு மெல்லிய குழாய் வைத்து, முதலில் அதன் வழியே வாயுவை மெதுவாக விட்டு, இரண்டு பக்கமும் அழுத்தம் சமமான பிறகுதான் பெரிய வால்வைத் திறக்க வேண்டும். கம்பெனி அனுப்பிய புத்தகத்தில் இது கட்டம் கட்டி அச்சாகியிருந்தது. நான் படித்தேன். படிக்கவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடும். அந்தப் பக்கக் குழாய்க்கு இன்னும் ஒரு நாள் வெல்டிங் வேலை பிடிக்கும். மூன்று நாளில் முடிப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன். வரைபடத்தில் அந்த மெல்லிய குழாயின் மேல் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்தேன்.

புதுக் குழாய்கள் ஏறிய இரண்டாம் நாள் அவர் கொட்டகைக்கு வந்து பார்த்தார். கைப்பிடியைத் திருப்பினார், மூடினார், மறுபடியும் திருப்பினார்.

"என்ன சார் இது, பட்டுனு தெறக்குது?"

"அதுக்குத்தான்யா வாங்கினது."

"இல்ல சார், பழசுல பதினோரு சுத்து. கேஸு கொஞ்சங் கொஞ்சமா உள்ள போகும். இதுல ஒரேடியாப் பாஞ்சா, அடுத்த வால்வு மூடிக் கெடக்குல்ல, அங்கன போயி முட்டுமே. சைக்கிளுக்குக் காத்தடிக்கும்போது பம்பு அடி எம்புட்டுச் சுடுது?"

நான் பொறியியல் படித்தவன். அவர் ஒன்பதாம் வகுப்பு. அவர் சொன்னதுதான் புத்தகத்தில் கட்டம் கட்டி இருந்தது. கூட நின்றிருந்த வெல்டர்களைப் பார்த்துக்கொண்டு நான் சொன்னேன்: "பதினோரு சுத்துச் சுத்தினாத்தான் உனக்குச் சோறு செரிக்குமோ? சைக்கிள் கடை வைக்க வேண்டிய ஆளு, இங்க வந்துட்ட."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

மறுநாள் காலை ஆலையைத் திரும்ப ஓட்ட வேண்டும். முதலாளி தேங்காய் உடைக்க வந்திருந்தார். ஆஸ்பத்திரி லாரிகள் இரண்டு வாசலில் நின்றன. ஆபரேட்டர் வீட்டிலிருந்து ஒரு தூக்குவாளி நிறைய அதிரசம் கொண்டுவந்திருந்தார். பொங்கலுக்கு அவர் மனைவி சுட்டது. ஆலை புதுசாக ஓடப்போகிறது, எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்று அந்தம்மா கொடுத்தனுப்பியிருந்தார். முதலாளி ஒன்று எடுத்துக்கொண்டார். நான் இரண்டு தின்றேன். வீட்டுக்காரம்மாவுக்கு நல்ல கைப்பக்குவம் என்று சொன்னேன். அவரும் ஒன்று தின்றார். பிறகு வாசல் குழாயில் சோப்புப் போட்டுக் கை கழுவினார். முகர்ந்து பார்த்தார். மறுபடியும் சோப்புப் போட்டுக் கழுவினார். துணியில் துடைத்தார். நான் ஆறு அடி தள்ளி நின்று இதைப் பார்த்தேன்.

கம்ப்ரஸர் ஓடி அழுத்தம் ஏறியது. அவர் தலைமை வால்வின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சார், கொஞ்சங் கொஞ்சமா வைக்கவா?"

அந்தக் கைப்பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவது கடினம். ஒரு இறுக்கத்தில் நின்று, பிறகு சட்டென்று விட்டுக்கொடுக்கும். ஆனாலும் முயன்றிருக்கலாம். பக்கத்தில் முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"திறய்யா. பயமா இருந்தா தள்ளிக்க, நான் திறக்கிறேன்."

அந்த வார்த்தைக்குப் பிறகு எந்த ஆணும் தள்ளிக்கொள்ள மாட்டான். அது தெரிந்துதான் சொன்னேன். அவர் திருப்பினார்.

டப் என்று ஒரு சத்தம். பெரிய வெடிச் சத்தமெல்லாம் இல்லை. பாய்ந்த வாயு இரண்டடி தள்ளி மூடியிருந்த அடுத்த வால்வில் முட்டி, முட்டிய இடம் சூடேறி, வால்வுக்குள்ளிருந்த பிளாஸ்டிக் வளையம் பற்றி, அதிலிருந்து பித்தளையே எரிந்தது. வெள்ளை வெளேரென்று ஒரு நாக்கு பக்கவாட்டில் வந்தது. நான் பின்னால் ஓடினேன். அவர் ஓடாமல் அதே வலது கையால் கைப்பிடியைத் திரும்ப மூடிவிட்டுத்தான் விழுந்தார். அதனால்தான் கொட்டகையும், அதில் நின்ற நாங்களும் தப்பினோம்.

வலது கையில் இரண்டு விரல்கள் போயின. மற்ற மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டி மடங்கிவிட்டன. முழங்கை வரைக்கும் தோல் இல்லை. மதுரையில் இரண்டு மாதம் கிடந்தார்.

விசாரணைக்கு ஆட்கள் வருவதற்கு முந்தைய நாள் சாயங்காலம், முதலாளி என் அறைக்கு வந்து நின்றார். "என்ன காரணம்னு எழுதப் போறீங்க?" என்று மட்டும் கேட்டார். இப்படி எழுது என்று அவர் சொல்லவில்லை. அவர்மேல் நான் பழி போட முடியாது. நான்தான் உட்கார்ந்து, நல்ல ஆங்கிலத்தில், இரண்டு பக்கம் எழுதினேன். ஆபரேட்டர் சற்று முன்பு எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டார், அந்தக் கையோடு வால்வைத் தொட்டார், எண்ணெய்ப் பிசுக்கு பட்டுத் தீப்பிடித்தது. அதிரசத்துக்கு ஆங்கிலத்தில் என்ன எழுதலாம் என்று யோசித்தது நினைவிருக்கிறது. எண்ணெய் என்றதும் எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தத் தொழிலில் யாரும் மறுகேள்வி கேட்காத காரணம் அது. வால்வு மாதிரியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

கையெழுத்துக்காக அறிக்கையை ஆஸ்பத்திரிக்கு நானே கொண்டுபோனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் அவர் மனைவி நின்றிருந்தார். தமிழில் விளக்கிச் சொன்னேன்.

"கை கழுவுனேனே சார்" என்றார் அவர்.

"கழுவியிருப்ப. சரியாப் போயிருக்காது. அதிரசத்து எண்ணெய் லேசுல போகாது."

அவர் நெடுநேரம் யோசித்தார். நான் அவரை யோசிக்கவிட்டேன். பிறகு இடது கைப் பெருவிரலை நீட்டினார். அந்தம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

அதோடு நிறுத்தியிருந்தால்கூட என் பாவம் கொஞ்சம் குறைந்திருக்கும். புதிதாகச் சேரும் ஆட்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பது என் வேலை. ஒவ்வொரு வகுப்பிலும் இந்தக் கதையைச் சொன்னேன். அதிரசம் தின்ற கையோடு வால்வைத் தொட்ட ஆள். சொல்லச் சொல்லக் கதை நன்றாக வந்தது. எங்கே நிறுத்தினால் ஆட்கள் பயப்படுவார்கள், எங்கே சிரிப்பார்கள் என்பதெல்லாம் எனக்குப் பிடிபட்டது. லாரி டிரைவர்கள் அதைப் பட்டறை பட்டறையாகக் கொண்டுபோனார்கள். வேறு எந்த ஆலையிலும் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. கை மட்டும் அதற்குக் காரணம் இல்லை.

அந்த வருடம் பங்குனியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீதி இருந்த கைப்பிடி வால்வுகளையெல்லாம் கழற்றிவிட்டுப் பழையபடி சக்கரம் வைத்த வால்வுகளைப் போட்டேன். காரணம் தெரியாதவன் அதைச் செய்வானா? யாரும் கேட்கவில்லை.

இருபது வருடம் கழித்துப் போன தை மாதம்தான் ஒருவர் கேட்டார். ஆலையில் மறுபடியும் வால்வும் குழாயும் மாற்றுகிறார்கள். பொறுப்பில் இருக்கும் பெண் பொறியாளர் எனக்குப் போன் செய்தார். "சார், வாங்கின பட்டியல்ல கைப்பிடி வால்வுன்னு இருக்கு. ஆனா கொட்டகையில சக்கர வால்வு இருக்கு. எப்ப, எதுக்கு மாத்தினீங்க?" என்றார். ஞாபகம் இல்லை என்றேன். மறுநாள் காலை பஸ் ஏறினேன்.

ஆபரேட்டரின் வீடு மாதா கோயிலுக்குப் பின்தெருவில் இருந்தது. அவர் முற்றத்தில் உட்கார்ந்து, மடங்கிய கையால் வாழைநாரை அமுக்கிப் பிடித்து, இடது கையால் கிழித்துக்கொண்டிருந்தார். வாழைத் தோட்டம் ஒன்றில் காவல் வேலையாம். என்னைக் கண்டதும் எழுந்து, "வாங்க சார், வாங்க. ஏ, இந்தா, சாரு வந்திருக்காக பாரு" என்று உள்ளே பார்த்துச் சத்தம் கொடுத்தார். அந்தம்மா வந்து நாற்காலி போட்டார்.

நான் உட்காரவில்லை. அவரை முதல் தடவையாக 'நீங்க' என்று அழைத்து, வால்வு, புத்தகம், சிவப்புக் கோடு, அறிக்கை என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

அவர்தான் முதலில் கேட்டார். "நான் கை கழுவுனத நீங்க பாத்தீகளா?"

"பாத்தேன்."

"ரெண்டு தடவையா?"

"ரெண்டு தடவை. மோந்து பாத்துட்டுத்தான் ரெண்டாவது கழுவினீங்க."

"எனக்கு அப்படித்தான் ஞாபகம்" என்றார். "பெறகு எல்லாரும் சொல்லச் சொல்ல, ஒருவேளை கழுவாமப் போயிட்டமோன்னு... சோப்பு தீந்துபோச்சோ, ஒரு தடவதான் கழுவுனமோன்னு..."

அந்தம்மா அவரைப் பார்த்து நின்றிருந்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

"அப்ப எங்கிட்ட சொன்னதெல்லாம்?"

அவர் குனிந்து கீழே கிடந்த வாழைநாரை எடுத்தார்.

"அன்னைக்கு அந்தக் கருமத்தச் சுடாம இருந்திருந்தா என் கை இருந்திருக்கும்னு எத்தன தடவ சொல்லிருப்பீக? மக கலியாணத்துல, அத்தன பேரு முன்னாடி, பலகாரத் தட்டத் தள்ளிவிட்டீகளே. நான் பொறுத்துக்கிட்டேன். என்னாலதானன்னு பொறுத்துக்கிட்டேன். சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லி அழுதிருக்கேன், புருசன் கைய நானே தீச்சுப்புட்டேன்னு."

"நான் என்னடி செய்யட்டும்? படிச்சவரு, அவரு சொன்னாக" என்றார் அவர்.

"ஒங்க கையி ஒங்களுக்குத் தெரியாதா?"

அப்புறம்தான் அந்தம்மா என் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று நின்றேன். "ரெண்டு தின்னீகளாமே சார்" என்றார். "நல்லாருக்குன்னு சொன்னீகன்னு இவரு ஆஸ்பத்திரில மொத நாளு சொன்னாரு." அவ்வளவுதான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கதவுக்குப் பின்னால் பாத்திரச் சத்தமோ அழுகைச் சத்தமோ எதுவும் கேட்கவில்லை.

நான் என்ன செய்ய வேண்டும், காகிதத்தில் எழுதித் தரவா, ஆலைக்குப் போய்ச் சொல்லவா என்று அவரிடம் கேட்டேன். அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "பஸ்ஸு அரமணிக்கு ஒண்ணு இருக்கு சார். வாங்க" என்று எழுந்தார்.

நிறுத்தத்தில் ஒரு டீக்கடை இருந்தது. பெஞ்சில் நாலைந்து பேர். நாங்கள் வருவதைப் பார்த்ததும் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கேட்டார்: "என்ன அதிரசம், யாரு விருந்தாளி? பவுசா இருக்காக."

அந்த ஊரில் அவருக்கு அதுதான் பெயர். கேட்டவர் கேலியாகக்கூடக் கேட்கவில்லை, பழகிப்போன பெயர் அது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. பஸ் வந்துவிடாதா என்று சாலையைப் பார்த்தேன் என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும். வரவில்லை.

"நான் அந்த ஆக்சிஜன் ஆலையில மேனேஜரா இருந்தவன்" என்றேன். "இவர் கையில எண்ணெய் இல்லை. கழுவிட்டுத்தான் வந்தார். போடக்கூடாத வால்வை நான் போட்டேன். இவர் வேண்டாம்னு சொன்னார், நான் கேட்கலை. அப்புறம் பொய் எழுதினேன். அன்னைக்கு இவர் அதைத் திரும்ப மூடலேன்னா நாங்க யாரும் இல்லை."

வகுப்பில் சொன்ன கதையைப்போல இது நன்றாக வரவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் டீக் கிளாஸைப் பிடித்தபடி இருந்தார்கள். ஒரு பெரியவர், "அப்ப இம்புட்டு நாளா?" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். டீக்கடைக்காரர் ஒரு கிளாஸை எடுத்து, அவரை அவருடைய சொந்தப் பெயரால் கூப்பிட்டு நீட்டினார். அந்தப் பெயரை வேறொருவர் வாயால் கேட்டு எனக்கே பல வருடம் ஆகியிருந்தது. அவர் வாங்கவில்லை. "இருக்கட்டும், வீட்டுல அவ ஒண்ணும் குடிக்காம இருக்கா" என்றார்.

பஸ் வந்தது. அவர் இடது கையை நீட்டி நிறுத்தினார். படியில் ஏறப்போன என்னிடம், பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"சொல்லிட்டீக. நல்லது. இனிமே இங்கன வராதீக சார். இவுக கேட்டா நான் சொல்லிக்குவேன். வீட்டுல அவளுக்கு என்ன சொல்றதுன்னுதான் தெரியல. அதுக்கு நீங்க ஒண்ணும் செய்ய முடியாது."

கண்டக்டர் விசில் கொடுத்தார். ஜன்னல் வழியே பார்த்தேன். அவர் டீக்கடைப் பக்கம் திரும்பாமல், தெருவுக்குள் வேகமாக நடந்துகொண்டிருந்தார்.